மீட்டருக்குள் ஒரு கொசு

கேள்வி: ஐயா, என்னிடம் இருபது வருடம் ஓடிய ஒரு சிறிய கார் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் டயல் வெயிலில் வெளுத்துப்போய் இரவில் எண்களே தெரியவில்லை. சென்னைக்குப் போனபோது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு வெள்ளை டயல் வாங்கிவந்து பொருத்திக்கொண்டேன். பகலில் வெள்ளையாக இருக்கும். இரவில் பார்க் லைட்டைப் போட்டால் டயல் முழுவதும் நீலப்பச்சையாக ஒளிரும். பார்க்க அருமை. ஆனால் அது ஒளிரும் நேரமெல்லாம் டாஷ்போர்டுக்குள் கொசு சுற்றுவது போல் 'ஙீ' என்று ஒரு சத்தம். எஞ்சினை அணைத்தாலும் நிற்பதில்லை, ரேடியோவை அணைத்தாலும் நிற்பதில்லை. ஒரு எலக்ட்ரீஷியன் எர்த் சரியில்லை என்று எர்த் ஒயரை மாற்றினார். இன்னொருவர் ஒரு கெபாசிட்டர் போட்டார். சத்தம் அப்படியே இருக்கிறது. என் மகள் தலைவலிக்கிறது என்கிறாள். என் அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "என்ன சத்தம், ஒன்றும் கேட்கவில்லையே" என்கிறார். வெளிச்சத்துக்கு எங்காவது சத்தம் உண்டா? உள்ளே ஷார்ட் ஆகிறதா? டயலைக் கழற்றிவிடத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், வேலூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. டயல் ஒளிரும்போது மட்டும் சத்தம் வருகிறது. எஞ்சினும் ரேடியோவும் அணைந்திருந்தாலும் வருகிறது. சிறியவருக்கு நன்றாகக் கேட்கிறது, பெரியவருக்குக் கேட்பதே இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய தடயங்களை நீங்களே சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். கொசு என்று எழுதியது இன்னும் பொருத்தம். பெண் கொசுவின் சிறகு வினாடிக்குச் சுமார் 400 முதல் 600 முறை அடிக்கிறது. உங்கள் டயலுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் துடிக்கிறது. உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

முதலில் பயத்தை விலக்கிவிடலாம். எங்கும் ஷார்ட் ஆகவில்லை. ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், அல்லது ஒயர் சூடாகிக் கருகல் வாடை வரும். தினமும் ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டு, டயலும் ஒழுங்காக ஒளிர்ந்துகொண்டிருக்காது. எர்த் கோளாறும் இல்லை.

அதற்காக எர்த்தையும் கெபாசிட்டரையும் சொன்னவர்கள்மேல் வருத்தப்பட வேண்டாம். கார்களில் பரவலாகக் கேட்கும் ரீங்காரம் வேறொன்று. அவர்கள் அதற்கான மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி, உள்ளே மாறுமின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது. டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது சிறு சிறு அலைகள் மிச்சம் இருந்துவிடும். பன்னிரண்டு துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகள் தரும். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டரை மடங்கு வேகம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1,200 அலைகள். அவை ரேடியோவின் மின்பாதையில் நுழைந்துவிட்டால் ஸ்பீக்கரில் விசிலாகக் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும். அந்தச் சத்தத்துக்கு எர்த்தைச் சரிசெய்தால் பலன் உண்டு, கெபாசிட்டருக்கும் பலன் உண்டு. ஸ்பீக்கரை அடையும்வரை அது மின்சாரமாகவே இருக்கிறது, வழியிலேயே வடிகட்டிவிடலாம்.

உங்கள் காரிலோ எஞ்சின் ஓடவில்லை, ஸ்பீக்கர் பேசவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. அப்படியானால் டாஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு பொருள் உண்மையாகவே அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அந்த அதிர்வை பேட்டரி ஒயரில் மாட்டிய கெபாசிட்டரால் பிடித்து நிறுத்த முடியாது.

வெளிச்சத்துக்கு எங்காவது சத்தம் உண்டா என்று கேட்டீர்கள். இந்த வெளிச்சத்துக்கு உண்டு. உங்கள் டயலில் பல்பும் இல்லை, எல்.இ.டி.யும் இல்லை. அது எலக்ட்ரோலூமினசென்ட் தகடு. மின்புலம் மாறி மாறி வரும்போது தானே ஒளிரும் ஒரு தூளைப் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது, சுருக்கமாக ஈ.எல். தகடு என்பார்கள். செம்பு சிறிதளவு சேர்ந்த துத்தநாக சல்ஃபைடு தூள் மாறும் மின்புலத்தில் ஒளிர்வதை பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ 1936இல் கண்டறிந்தார். 1950களில் அமெரிக்காவின் சில்வேனியா நிறுவனம் அதை விற்பனைக்குரிய விளக்குத் தகடாக்கியது. 1960ஆம் ஆண்டு கிரைஸ்லர் கார்களின் மீட்டர்கள் இந்த ஒளியில் வந்தன. 1966இல் டாட்ஜ் சார்ஜரின் வட்ட மீட்டர்களும் அப்படியே. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலக் கணினியின் எண்பலகை ஒளிர்ந்ததும் இதே முறையில்தான். 1992இல் டைமெக்ஸ் நிறுவனம் இண்டிக்லோ என்ற பெயரில் இதைக் கைக்கடிகாரத்துக்குள் வைத்தது. பிறகு அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் வெளியே வாங்கி மாட்டிய ஒளிரும் டயல்களுக்கெல்லாம் அந்த வாட்சின் பெயரே வழக்கமாகிவிட்டது.

வீட்டில் பழைய இண்டிக்லோ வாட்ச் ஒன்று இருந்தால், ராத்திரி ஊர் அடங்கிய பிறகு காதோடு வைத்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள். மிக மெல்லிய ரீங்காரம் கேட்கும். உங்கள் டாஷ்போர்டில் கேட்பது அதன் பெரிய வடிவம்.

அந்தத் தாளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். அடியில் மின்சாரம் கடத்தும் ஒரு படலம். அதன்மேல் பேரியம் டைட்டனேட் கலந்த காப்புப் படலம், அதாவது மின்சாரத்தைக் குறுக்கே பாயவிடாத பூச்சு. அதன்மேல் ஒளிரும் தூள். எல்லாவற்றுக்கும் மேலே, மின்சாரத்தையும் கடத்தி ஒளியையும் வெளியே விடுகிற ஒரு படலம். இரண்டு கடத்திகள், நடுவே காப்பு: எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் இதைக் கண்டதும் கெபாசிட்டர் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கெபாசிட்டர் போட்டால் சத்தம் போகும் என்றார் உங்கள் எலக்ட்ரீஷியன். சத்தம் போடுவதே ஒரு கெபாசிட்டர்தான் என்பதை அவர் ரசிப்பார் என்று நினைக்கிறேன்.

பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை இந்தத் தாளுக்கு நேராகக் கொடுத்தால் ஒளி வராது. அதற்குச் சுமார் 100 வோல்ட் மாறுமின்சாரம் வேண்டும். அதுவும் வினாடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் அலைகளாக. அதைத் தயாரிக்கத்தான் டயலோடு ஒரு சிறிய கறுப்புப் பெட்டி கொடுத்திருப்பார்கள். அது ஒரு இன்வெர்ட்டர். மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் செய்கிற அதே வேலையை இது சிறிய அளவில் செய்கிறது. வீட்டில் உள்ளது வினாடிக்கு 50 அலை தரும், அதாவது 50 ஹெர்ட்ஸ். இது அதைப்போல் பத்து, இருபது மடங்கு வேகத்தில் ஓடுகிறது.

இப்போது தாளைக் கவனியுங்கள். ஒரு படலத்தில் நேர் மின்னேற்றமும் மறு படலத்தில் எதிர் மின்னேற்றமும் ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மின்னழுத்தம் பூச்சியத்துக்கு வரும்போது பிடி தளர்கிறது. எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்பது இந்த இழுப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அலை ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் தாள் இரண்டு முறை நெரிபட்டு விரிகிறது. இன்வெர்ட்டர் 400 ஹெர்ட்ஸில் ஓடினால் தாள் 800 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலிலும் இதே கணக்கு உண்டு: ஓடுவது 50 ஹெர்ட்ஸ், உறுமுவது 100 ஹெர்ட்ஸ். அங்கே காந்தம் ஏறும்போதெல்லாம் இரும்பு உள்ளகத்தின் நீளம் மிக நுட்பமாக மாறுவது காரணம். உங்கள் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் செய்கிறது. ஆகச் சத்தம் போடுபவர்கள் இருவர்: பெட்டி ஒன்று, தாள் ஒன்று.

தாள் அசைவது கண்ணால் காணவே முடியாத அளவுதான். ஆனால் அதற்குப் பரப்பு உண்டு. பரப்பு இருந்தால் காற்றைத் தள்ளலாம். விலையுயர்ந்த நிலைமின் ஸ்பீக்கர்கள் என்று ஒரு வகை இருக்கிறது. காந்தமோ சுருளோ இல்லாமல், உயர் மின்னழுத்தத்தில் ஒரு மெல்லிய படலத்தை இழுத்தும் விட்டும் இசை தருகிறவை. அவற்றை இயக்குவதும் இந்த மின்னேற்ற இழுப்புதான். டயல் வாங்கினீர்கள், கூடவே ஒரு ஸ்பீக்கரும் வந்துவிட்டது.

மகளுக்கும் தாத்தாவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவான இன்வெர்ட்டர் தரும் அலை வழவழப்பாக ஏறி இறங்குவதில்லை; வெட்டு வெட்டாகத் தாவுகிறது. அப்படித் தாவும்போது அடிப்படைச் சுருதியோடு அதன் மடங்குகளும் கிளம்புகின்றன: 800 மட்டும் இல்லாமல் 1,600, 2,400, 3,200 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள். மகளை வருத்துவது அந்த மேல் மடங்குகள். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது மேல் சுருதிகளை. அடிச்சுருதி மட்டும் காரின் மற்ற சத்தங்களோடு கலந்துவிடுவதால் உங்கள் தந்தைக்கு எதுவும் தெரிவதில்லை. இருவர் சொல்வதும் உண்மை. சரிசெய்தபிறகு சோதிக்க மகளையே பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அப்படியென்றால் யாருக்கும் கேட்காத அளவுக்குச் சுருதியை ஏற்றிவிட்டால் என்ன? 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் மனிதக் காதுக்கு எட்டாதே? பழைய மடிக்கணினித் திரைகளின் பின்னால் இருந்த மெல்லிய குழல் விளக்குகளை அப்படித்தான் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஈ.எல். தகட்டுக்கு அது ஒத்துவராது. கெபாசிட்டரில் ஓடும் மின்னோட்டம் அலைவேகத்தோடு சேர்ந்து ஏறும். அதைச் சிறிய பெட்டி தாங்காது. இன்னொன்று, ஒளிரும் தூள் ஒவ்வொரு அலைக்கும் சிறிதளவு தேய்கிறது. அலையை ஐம்பது மடங்கு வேகமாக்கினால் தகட்டின் ஆயுள் கரைந்துவிடும். ஆகவே காது கேட்கும் எல்லைக்குள்தான் இதை ஓட்டியாக வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்வரை அதிர்வும் இருக்கும். ஆனால் கையில் பிடித்திருக்கும்போது அந்தப் பெட்டியும் தாளும் போடுகிற சத்தம் மிகக் கொஞ்சம். அதைக் கார் முழுக்கக் கேட்கும்படி செய்வது அவற்றை மாட்டிய விதம்தான். அங்கே நம்மால் நிறையச் செய்ய முடியும்.

வேலையில் இறங்கும்முன் இரண்டு எச்சரிக்கைகள். பெட்டியிலிருந்து டயலுக்குப் போகும் ஒயரில் 100 வோல்ட் அளவில் மின்சாரம் இருக்கிறது. மின்னோட்டம் சொற்பம்தான், ஆனாலும் சுண்டி இழுக்கும். எதைத் தொடுவதானாலும் பார்க் லைட்டை அணைத்து அந்த ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். அடுத்தது, சத்தம் பெட்டியிலா டயலிலா என்று பார்க்க, டயலின் கப்ளரைக் கழற்றிப் பெட்டியைத் தனியே ஓடவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். டயல் இல்லாமல் ஓடும்போது இந்தப் பெட்டிகள் பலவற்றில் மின்னழுத்தம் எகிறி உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும்.

வேறு வழி இருக்கிறது. அமைதியான இடத்தில் காரை நிறுத்துங்கள். எஞ்சின், மின்விசிறி, ரேடியோ எல்லாம் அணைந்திருக்கட்டும்; பார்க் லைட் மட்டும் எரியட்டும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ரப்பர் ட்யூப் ஒரு முழத் துண்டு எடுத்து ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறுமுனையை முதலில் மீட்டர் கண்ணாடிக்கு முன்னால் நகர்த்துங்கள், பிறகு டாஷ்போர்டின் அடியில் பெட்டி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கே அதிகம் என்று ட்யூப் சொல்லிவிடும். அடுத்து, மீட்டரின் முன் மூடியை உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் டயல் தாளோ மூடியோ தளர்ந்திருக்கிறது. மாறவே இல்லையென்றால் பெட்டியைத்தான் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான கார்களில் குற்றவாளி பெட்டிதான். பொருத்துபவர்கள் வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று அதை டபுள் சைடு டேப்பால் டாஷ்போர்டின் உட்புறத்திலேயே ஒட்டிவிடுவார்கள், அல்லது அருகில் இருக்கும் இரும்புப் பட்டையோடு கேபிள் டையால் இறுக்கிவிடுவார்கள். டாஷ்போர்டு அகலமான, உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் கூடு. பெட்டியின் சிறு அதிர்வு அதற்குள் நேராக ஏறி, அத்தனை பரப்பிலிருந்தும் வெளியே வருகிறது. விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பிணைப்பை வெட்டி, பெட்டியை ஒயரோடு தொங்கவிட்டு, மறுபடி விளக்கைப் போட்டுக் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

பிறகு பெட்டியைச் சுற்றி ஒரு விரல்கடை கனத்துக்கு ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். தண்ணீர் ஊறாத, சிறு மூடிய அறைகள் கொண்ட கறுப்பு ரப்பர் ஸ்பாஞ்ச் நல்லது, ஏ.சி. குழாய்க்குச் சுற்றுவார்களே, அந்த வகை. ஸ்பாஞ்சை நசுக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் அது கட்டையாகிவிடும், அதிர்வு மறுபடி கடந்துபோகும். தளர்வாக ஒரு சுற்று டேப் போதும். சுற்றிய பெட்டியை எந்தப் பிளாஸ்டிக்கோடும் தகட்டோடும் ஒட்டாமல், கனமான ஒயர்க் கொத்தோடு சேர்த்துத் தொளதொளவென்று கட்டிவிடுங்கள். ஒயர்க் கொத்து கனமாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருப்பதால் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். ஹீட்டர் குழாய், ஸ்டியரிங் தண்டு, பெடல்கள் பக்கம் மட்டும் போகவேண்டாம். பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாமல் சுட்டால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் பெட்டியையே மாற்றவேண்டும்.

சிலர் பெட்டியைத் திறந்து உள்ளே சிலிகான் நிரப்பிவிடுவார்கள். அதிர்வை அடக்க அது நல்ல வழிதான், ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிகானில் புளித்த வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை அசிட்டிக் அமிலத்துடையது. செம்புப் பாதைகளை அரித்துவிடும். நியூட்ரல் என்று குறிப்பிட்ட, வாடை இல்லாத வகைதான் மின்சுற்றுக்கு ஏற்றது.

டயல் தாளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். இந்தத் தாள்களைப் பழைய டயலின்மேல் வைத்து இரண்டு மூலையில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். நடுவில் தாள் விட்டு நிற்கும். அங்கே அதிர்ந்து பழைய டயலில் தட்டும். 'ஙீ' என்ற சத்தத்தோடு ஒரு கரகரப்பும் கலந்திருந்தால் இதுதான் காரணம். மீட்டரைக் கழற்றி, தாளின் பின்புறம் முழுவதும் மெல்லிய டபுள் சைடு டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டி, பழைய டயலோடு காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்திவிடுங்கள். கெட்டியான டயலோடு ஒன்றிவிட்ட தாள் தனியாக அசைய முடியாது. ஸ்பாஞ்ச் வைத்த தடித்த டேப்பை இங்கே பயன்படுத்த வேண்டாம். அது தாளை உயர்த்திவிடும், முள் உரசும். மூடியின் விளிம்பு தளர்ந்திருந்தால் அங்கே மெல்லிய ஃபெல்ட் துணிப் பட்டை வைத்து மூடலாம்.

முள்ளைக் கழற்றாமலே தாளை நுழைக்க முடிந்தால் மிக நல்லது. கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அது ஓய்வாக நிற்கும் இடத்தை முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சத்தம் போய் வேகம் தப்பாகக் காட்டும். தாளின் ஓரத்தை எக்காரணம் கொண்டும் கத்தரிக்காதீர்கள். வெட்டிய விளிம்பில் உள்ளே இருக்கும் கடத்திகள் வெளியே தெரியும், ஈரக்காற்றும் நுழையும். துத்தநாக சல்ஃபைடு தூளுக்கு ஈரம் விஷம். கறுப்புப் புள்ளிகள் விழுந்து பரவும்.

இத்தனைக்குப் பிறகும் மகளுக்குக் கேட்கிறது என்றால் மின்சாரத்தின் பக்கம் திரும்பலாம். டிம்மரை, அதாவது மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் குறையும்போது சத்தமும் குறைந்தால் இரவில் அந்த நிலையிலேயே ஓட்டலாம். உண்மையில் கண்ணுக்கும் அதுதான் நல்லது, இருட்டுச் சாலையில் பளிச்சென்ற டயல் பார்வையைக் கெடுக்கும். குறைக்கும்போது சத்தம் ஒரு முரட்டு உறுமலாக மாறினால், உங்கள் காரின் டிம்மர் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து ஒளியைக் குறைக்கும் வகை. பல்புக்கு அது ஒத்துவரும், இன்வெர்ட்டர் தடுமாறும். அப்போது பார்க் லைட் ஒயரை ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்சை, முடுக்க மட்டும் பயன்படுத்தி, இன்வெர்ட்டருக்கு ஃபியூஸ் வழியாகத் தனி 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த எலக்ட்ரீஷியனும் செய்துவிடக்கூடிய வேலை.

அலையின் வெட்டுகளை மழுக்க இன்னொரு வழி, இன்வெர்ட்டருக்கும் டயலுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்ப்பது. ரெசிஸ்டர், கெபாசிட்டருக்குள் மின்னேற்றம் பாய்ந்து நிரம்புவதை மெதுவாக்குகிறது. அலையின் மூலைகள் உருண்டுவிடும். மேல் மடங்குகள் அடங்கும். வெளிச்சம் சிறிது குறையும். மதிப்பு டயலின் பரப்பைப் பொறுத்தது என்பதால் ஆசிலோஸ்கோப், அதாவது அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி, வைத்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனிடம் கொடுங்கள். உங்கள் மகளின் புகாருக்கு நேரான மருந்து இதுதான் என்பது என் கருத்து.

திடீரென்று ஒருநாள் சத்தம் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டால், டயலில் ஒரு பகுதி இருண்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பெட்டிகளில் பலவும் டயலின் கெபாசிட்டன்ஸையே, அதாவது மின்னேற்றத்தைத் தாங்கும் அளவையே, தாளத்துக்கு நம்பியிருக்கின்றன. ஒரு துண்டின் இணைப்பு விட்டுப்போனால் கெபாசிட்டன்ஸ் குறைந்து சுருதி ஏறிவிடும்.

ரேடியோவில் ஏ.எம். நிலையங்களில் மட்டும் இரைச்சல் கேட்டால், ஆன்டெனா ஒயரையும் டயலின் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிரித்து, டயலின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிக் குட்டையாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். டயல் முழுவதும் ஒளிர்ந்தாலும் சில வாட்டுக்கு மேல் எடுக்காது. உங்கள் பார்க் லைட் பல்பு ஒன்றே 5 வாட்.

டயலைக் கழற்றிவிட வேண்டுமா என்பதற்கு வருகிறேன். தாள் சுத்தமாக, புள்ளி விழாமல், சீராக ஒளிர்கிறது என்றால் கழற்றாதீர்கள். ஸ்பாஞ்சையும் டேப்பையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். அவை போதாமல் பெட்டியை மாற்ற நேர்ந்தால், கடைக்காரரிடம் பழைய பெட்டியை மட்டும் காட்டாமல் டயலின் நீள அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். பெட்டிகள் எத்தனை சதுர சென்டிமீட்டர் தகட்டை ஓட்டும் என்ற கணக்கில் விற்கப்படுகின்றன. பொருந்தாத பெட்டி கூடுதலாகச் சுடும், கூடுதலாகக் கத்தும். தாளில் ஏற்கெனவே கறுப்புப் புள்ளிகள் பரவத் தொடங்கியிருந்தால் அதற்குப் புதுப் பெட்டி வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். பின்னாலிருந்து எல்.இ.டி. ஒளி வரும் சாதாரண அச்சு டயல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு 12 வோல்ட் நேர்மின்சாரமே போதும், இன்வெர்ட்டர் தேவையில்லை.